ஓ.டி. பிளேஸ்மென்ட்: “வேலை செய்கிறார், காரணம் தெரியவில்லை” என்று மதிப்பீட்டில் எழுதியிருந்தால் என்ன செய்வது?

செராஸ்_மூன்றாமாண்டு (இழை தொடங்கியவர்)

வணக்கம் எல்லாருக்கும். கே.எல்.லில் ஓ.டி. (தொழில்சார் சிகிச்சை) மூன்றாம் ஆண்டு. இப்போது மருத்துவமனை பிளேஸ்மென்ட் (களப்பயிற்சி), ஸ்ட்ரோக் (பக்கவாதம்) கேஸ்தான் அதிகம். பாதிக்கால மதிப்பீடு வந்துவிட்டது. பாதுகாப்பு, நோயாளியிடம் பேசும் விதம், நேரம் தவறாமை எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண். கிளினிக்கல் ரீசனிங் (ஏன் இப்படிச் செய்கிறோம் என்ற யோசனை) பகுதியில் மட்டும் “வேலை செய்கிறார், காரணம் தெரியவில்லை” என்று குறிப்பு. பார்தெல் (அன்றாட வேலைகளைத் தானாகச் செய்யும் அளவு), மோக்கா (நினைவு, சிந்தனைச் சோதனை), கைப்பிடி வலிமை எல்லாம் எடுத்து ஃபைலில் எழுதித்தான் வைக்கிறேன். இதற்கு மேல் எதைக் காட்ட வேண்டும்? இன்னும் நான்கு வாரம் இருக்கிறது.

மேற்பார்வை_மேசை

தங்கச்சி, ஃபைலில் எண்ணை மட்டும் எழுதினால் அது அளவீடு. அந்த எண் ஏன் வந்தது, அதனால் நாளைக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று எழுதும்போதுதான் உங்கள் யோசனை சூப்பர்வைசர் கண்ணுக்குத் தெரியும். அவர் உங்கள் தலைக்குள் எட்டிப் பார்க்க முடியாது. எழுத்திலும் பேச்சிலும் வந்ததை வைத்துத்தான் மதிப்பெண் போடுவார்.

ஒரு உதாரணம். வலது பக்கம் பலவீனமான ஸ்ட்ரோக் நோயாளி. திருத்திய பார்தெலில் சாப்பிடும் பகுதிக்கு 0, 2, 5, 8, 10 என்று ஐந்து படிகள். நீங்கள் 5 போட்டு, “திட்டம்: சாப்பிடும் பயிற்சி” என்று எழுதினால் அதில் உங்கள் யோசனை எதுவும் இல்லை. யார் எழுதினாலும் அப்படித்தான் இருக்கும்.

அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: “சோற்றைப் பிசைந்து விரலில் அள்ள முடிகிறது. வாய்க்கு உயர்த்தும்போது தோள்பட்டை மேலே ஏறுகிறது, உடம்பு இடது பக்கம் சாய்கிறது, பாதி வழியில் சிந்துகிறது. விரல் பிடிமானம் போதுமானது, தடை தோளில். மேசையை உயர்த்தி முழங்கையை ஊன்றவைத்து மறுபடி பார்த்ததில் ஐந்து கவளத்தில் நான்கு சிந்தவில்லை. மூன்று நாள் ஊன்றிய நிலையில் பழகி, பிறகு மேசை உயரத்தைக் குறைத்துப் பார்க்கலாம். தோளில் வலி வந்தால் நிறுத்தி சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும்.”

என்ன பார்த்தேன், எந்த இடத்தில் உடைகிறது, அது எதனால் என்று நினைக்கிறேன், அதைச் சோதிக்க எதை மாற்றினேன், எப்போது திட்டத்தை மாற்றுவேன். ஐந்தும் இருக்கின்றன. “சோதிக்க எதை மாற்றினேன்” என்பதைத்தான் மாணவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். மேசையை உயர்த்தியும் சிந்தியிருந்தால், தடை தோளில் என்ற ஊகம் தவறு. அதையும் அப்படியே எழுதலாம். ஊகம் தவறினால் மதிப்பெண் குறையாது. ஊகமே இல்லாவிட்டால்தான் குறையும்.

ஜெலுத்தோங்_ஓடி

மேலே சொன்னதோட ஒண்ணு சேர்க்கிறேன். நம்ம ஆளுங்க கையால சாப்பிடுறாங்க. பாடப்புத்தகத்துல இருக்கிற ஆக்டிவிட்டி அனாலிசிஸ் எல்லாம் கரண்டி, முள்கரண்டிக்கு எழுதினது. கையால சாப்பிடுறது வேற வேலை, தனியா பிரிச்சுப் பார்க்கணும்.

அள்ளும்போது விரல் அடிமூட்டு மடங்கணும், நடு மூட்டும் நுனி மூட்டும் ஓரளவு நீண்டிருக்கணும், கட்டைவிரல் எதிர்ப்பக்கம் வந்து சேரணும். அது கையோட உள்தசை வேலை. அப்புறம் வாய்கிட்ட வந்ததும் கட்டைவிரல் சோத்தை முன்னாடி தள்ளணும். கரண்டி பிடிக்கத் தெரிஞ்சவருக்கு இந்தத் தள்ளல் வராம போகலாம். தலைகீழாவும் நடக்கும்.

உணர்ச்சி குறைஞ்ச கைன்னா ரெண்டு ஆபத்து. சூடான சாம்பார் ஊத்தின சோத்துல விரலை வச்சா சுடுறது தெரியாது. மீன் கறின்னா முள்ளை விரல்தான் கண்டுபிடிக்கும். தொடு உணர்ச்சி இல்லேன்னா முள் தொண்டைக்குப் போயிரும். பினாங்கு வீடுகள்ல மீன் இல்லாத நாள் குறைவு, அதனால இதைக் கேட்காம டிஸ்சார்ஜ் பண்ணக்கூடாது.

எல்லாத்துக்கும் முன்னாடி: சாப்பாட்டு அசெஸ்மென்ட் செய்யப் போறீங்கன்னா விழுங்குற சோதனை முடிஞ்சதான்னு பாருங்க. கட்டில் தலைமாட்டுல வாய்வழி ஒண்ணும் கூடாதுன்னு போர்டு இருக்கா, மூக்குக் குழாய் இருக்கா, பேச்சு சிகிச்சையாளர் எந்தப் பதத்துல சாப்பாடு எழுதியிருக்கார்னு பாருங்க. வீட்டுல இருந்து கொண்டுவந்த சோறுன்னு ஆசையா கொடுத்து நுரையீரலுக்குள்ள போச்சுன்னா நிமோனியா. மதிப்பீட்டுப் படிவத்துல “பாதுகாப்பு”ன்னு இருக்கிறது இதுதான்.

செராஸ்_மூன்றாமாண்டு

நன்றி அண்ணா. வலது கை வராத நோயாளிக்கு இடது கையால் சாப்பிடப் பழக்கலாமா? குடும்பத்தில் ஒத்துக்கொள்வதில்லை. பார்தெல் மதிப்பெண்ணிலும் ஒரு குழப்பம்: நோயாளியால் சட்டை போட முடிகிறது, ஆனால் மகள் போட்டுவிடுகிறார். எந்த எண்?

ஜெலுத்தோங்_ஓடி

இடது கை விஷயத்துல முடிவு நம்மோடது இல்ல. நோயாளிகிட்ட நேரா கேளுங்க, வாரிஸ் (கூட இருக்கிற குடும்பத்தார்) இல்லாத நேரத்துல ஒரு தடவை, இருக்கும்போது ஒரு தடவை. சிலர் இடது கையில கரண்டி பிடிச்சுக்கிறேன், கையால தொடமாட்டேன்னு சொல்வாங்க. அது நல்ல வழி. சிலர் வலது கைக்கே தடிச்ச பிடி வச்ச கரண்டி கேட்பாங்க. நுரைக்குழாய் சுத்திப் பிடியைப் பெருசாக்கினா பலவீனமான விரலுக்கும் பிடி கிடைக்கும். கேட்டதையும் அவர் சொன்ன பதிலையும் ஃபைல்ல எழுதுங்க. “நோயாளியை மையமா வைக்கிறார்”ங்கிற தேர்ச்சிக்கு அதுதான் சான்று.

மேற்பார்வை_மேசை

பார்தெலில் நோயாளி உண்மையில் செய்வதற்குத்தான் எண். மகள் போட்டுவிட்டால், போட்டுவிட்டதற்கான எண்தான். ஆனால் அதோடு விட்டுவிட்டால் தப்பான படம் கிடைக்கும். பக்கத்தில் ஒரு வரி: “தனியாக விட்டுப் பார்த்ததில் முன்பொத்தான் சட்டையை ஒரு குறிப்பு மட்டும் கொடுத்து 9 நிமிடத்தில் போட்டார், வார்டில் மகள் போட்டுவிடுகிறார்.” இப்போது சிகிச்சையின் இலக்கே மாறிவிடுகிறது. அந்த நோயாளிக்குச் சட்டை போடும் பயிற்சி தேவையில்லை. மகளுக்கு எப்போது உதவ வேண்டும், எப்போது கை கட்டி நிற்க வேண்டும் என்று காட்டும் பயிற்சிதான் தேவை. நம் குடும்பங்களில் அன்பு உதவியாகத்தான் வெளிப்படும். “உதவாதீங்க” என்று சொன்னால் மனம் நோகும். “வலது கையை முதலில் நுழைக்கச் சொல்லுங்கள், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்கச் சொல்லுங்கள், பொத்தான் மட்டும் நீங்கள் போடுங்கள்” என்று அவருக்கு ஒரு வேலையைக் கொடுங்கள்.

வார்டு_நடை

இங்கே சொல்வதெல்லாம் சரி. ஆனால் அக்யூட் வார்டின் (நோய் வந்த தொடக்க நாட்களில் இருக்கும் வார்டு) நடைமுறையையும் மாணவருக்குச் சொல்ல வேண்டும். ஒரு நோயாளிக்கு 20, 30 நிமிடம்தான் கிடைக்கும். நடுவில் டாக்டர் ரவுண்ட், ஸ்கேன், குளியல். முதல் நாளே உட்கார்ந்து சி.ஓ.பி.எம். (எந்த வேலைகள் முக்கியம் என்று நோயாளியிடமே கேட்டு மதிப்பெண் வாங்கும் முறை) நேர்காணல் முழுதாகச் செய்கிறேன் என்று கிளம்பினால் பாதியில் நிற்கும்.

என் கருத்து: அக்யூட் வார்டில் முதலில் ஒரு வேலையை நேரில் பாருங்கள். முகம் கழுவுவது, பல் தேய்ப்பது, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தலை வாருவது, ஏதாவது ஒன்று. பத்து நிமிடத்தில் உட்காரும் சமநிலை, இடது பக்கப் புறக்கணிப்பு (அந்தப் பக்கம் இருப்பதைக் கவனிக்காமல் விடுவது), வரிசை மாறுவது, கை அசைவு எல்லாம் தெரிந்துவிடும். நேர்காணல் அடுத்த நாள்.

மேற்பார்வை_மேசை

முழு சி.ஓ.பி.எம். அக்யூட்டில் எல்லாருக்கும் முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எந்த வேலையைப் பார்ப்பது என்று யார் தீர்மானிக்கிறார்? நோயாளியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்காமல் பல் தேய்க்கச் சொன்னால் அது நம் வசதிக்கான வேலை. “வீட்டுக்குப் போனதும் எதைத் தானாகச் செய்யவேண்டும் என்று நினைக்கிறீர்கள்?” இதற்கு இரண்டு நிமிடம் போதும். ஒருவர் கழிப்பறை என்பார், இன்னொருவர் காலையில் சாமிக்கு விளக்கேற்ற வேண்டும் என்பார். வேலை அங்கிருந்து கிளம்ப வேண்டும்.

சி.ஓ.பி.எம். செய்யும் இடம் ரிஹாப் வார்டும் வெளிநோயாளிப் பிரிவும். நோயாளி ஒவ்வொரு பிரச்சினைக்கும் எவ்வளவு முக்கியம் என்று 1 முதல் 10 வரை சொல்கிறார். முக்கியமான ஐந்து வரை தேர்ந்தெடுத்து, எப்படிச் செய்கிறார், எவ்வளவு திருப்தி என்று இரண்டுக்கும் மறுபடி 1 முதல் 10. மறுமதிப்பீட்டில் 2 புள்ளி அல்லது அதற்கு மேல் கூடினால் பொருட்படுத்தத்தக்க மாற்றமாக எடுத்துக்கொள்வது வழக்கம். மாணவர்கள் இங்கே சறுக்குவது, எண்ணைத் தாங்களே ஊகித்துப் போடுவதில். பேச்சு இழந்த நோயாளிக்குப் படங்களைக் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். வாரிஸ் சொன்ன எண் என்றால் “வாரிஸ் சொன்னது” என்று தனியாகக் குறியுங்கள். இரண்டையும் கலக்க வேண்டாம்.

வார்டு_நடை

அந்த இரண்டு நிமிடக் கேள்விக்கு மறுப்பில்லை.

பாதுகாப்பு பற்றி ஒரு நடைமுறை. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவதற்கு முன் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைச் சூப்பர்வைசருக்குக் கேட்கும்படி சொல்லுங்கள். “ரத்த அழுத்தத் தாளைப் பார்த்தேன், எழுந்து உட்கார டாக்டர் அனுமதி இருக்கிறது. சிறுநீர்க் குழாய்ப் பையும் டிரிப்பும் எந்தப் பக்கம் என்று பார்த்து நகர்த்தினேன். நாற்காலி நல்ல பக்கத்தில், கட்டிலுக்கு 30 முதல் 45 டிகிரி சாய்வில், இரண்டு பிரேக்கும் போட்டாயிற்று, கால்தாங்கி எடுத்தாயிற்று.” இதைச் சொல்ல அரை நிமிடம் ஆகும். சொல்லாமல் சரியாகச் செய்தாலும், தற்செயலாகச் சரியாக அமைந்ததா, தெரிந்து செய்தீர்களா என்று பார்ப்பவருக்குத் தெரியாது.

உட்கார்ந்ததும் தலை சுற்றுகிறதா என்று கேட்டுவிட்டு மட்டும் எழுப்பாதீர்கள். பலர் இல்லை என்றுதான் சொல்வார்கள். சந்தேகம் இருந்தால் அளந்து பாருங்கள். எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 குறைந்தால் அது நிலைமாற்ற ரத்த அழுத்தத் தாழ்வு. உட்காரவைத்து, தாதியிடம் சொல்லி, குறிப்பெழுதுங்கள். பலவீனமான கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தசை தளர்ந்த தோள்மூட்டு ஏற்கெனவே கீழே இறங்கியிருக்கும். ஓர் இழுப்பில் பல மாத வலி வந்துவிடும். குடும்பத்தார் அக்குளுக்குள் கை கொடுத்துத் தூக்குவதையும் பார்த்த இடத்தில் திருத்துங்கள்.

முதியோர்_பிரிவு

மோக்கா எடுப்பதாக இழை தொடங்கியவர் சொல்லியிருந்தார். 30-க்கு 26 என்ற எல்லைக்கோட்டை எல்லாருக்கும் அப்படியே வைக்கிறீர்களா? 12 ஆண்டு அல்லது அதற்குக் குறைவான படிப்பு என்றால் ஒரு புள்ளி கூட்ட வேண்டும். ஆனால் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்று நான்கு ஆண்டு மட்டும் படித்த பாட்டிக்கு ஒரு புள்ளி எப்படிப் போதும்? கனசதுரம் வரைவது, எண்ணும் எழுத்தும் மாறி மாறி இணைப்பது எல்லாம் பென்சில் பிடித்துப் பழகியவர்களுக்கானவை. குறைந்த படிப்புள்ளவர்களுக்கு மோக்கா பேசிக் என்று தனி வடிவம் இருக்கிறது. தமிழிலும் மலாயிலும் பதிப்புகள் இருக்கின்றன. மலாய்ப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே தமிழில் மொழிபெயர்த்துக் கேட்டால் அந்த மதிப்பெண்ணுக்கு மதிப்பில்லை. நினைவில் வைக்கும் ஐந்து சொற்களின் கடினம் மாறிப்போகும்.

எடுக்குமுன் கண்ணாடி போட்டிருக்கிறாரா, காது கேட்கிறதா, இரவு தூங்கினாரா, மனச்சோர்வு இருக்கிறதா என்று பாருங்கள். மதிப்பெண் குறைந்தால் “மறதிநோய்” என்று எழுதாதீர்கள். நோயைப் பெயரிடுவது டாக்டர் வேலை. நம் வேலை, அந்தக் குறை அன்றாடத்தில் எங்கே தட்டுகிறது என்று காட்டுவது. ஓ.டி. சமையலறை இருந்தால் தேநீர் போடச் சொல்லுங்கள். தண்ணீர் வைத்தாரா, கொதித்ததும் அடுப்பை அணைத்தாரா, சர்க்கரை இரண்டு தடவை விழுந்ததா, நடுவில் நீங்கள் பேச்சுக் கொடுத்தால் எங்கே விட்டாரோ அங்கே திரும்புகிறாரா. மோக்கா 19 என்பதைவிட “அடுப்பை அணைக்க இரண்டு தடவை நினைவூட்ட வேண்டியிருந்தது” என்ற வரிதான் மகனுக்குப் புரியும், டிஸ்சார்ஜ் முடிவுக்கும் உதவும்.

கைப்பட்டி

கைப்பிடி வலிமை எடுப்பது பற்றி யாரும் சொல்லவில்லை. ஜாமர் கருவியில் பிடி இரண்டாம் நிலையில். உட்கார்ந்த நிலை, மேற்கை உடம்போடு ஒட்டி, முழங்கை 90 டிகிரி, முன்கை நடுநிலை. மூன்று தடவை எடுத்துச் சராசரி. இடையில் ஓய்வு கொடுங்கள். சக்கர நாற்காலியின் கைதாங்கியில் முழங்கையை ஊன்றவிட்டு எடுத்த எண்ணையும் ஊன்றாமல் எடுத்த எண்ணையும் ஒப்பிட முடியாது. எப்படி எடுத்தீர்கள் என்று எழுதாவிட்டால், இரண்டு வாரம் கழித்து 4 கிலோ கூடியது நோயாளியின் முன்னேற்றமா நாற்காலியின் உதவியா என்று யாருக்கும் தெரியாது. தசை இறுக்கம் உள்ள ஸ்ட்ரோக் கையில் இந்த எண்ணுக்குப் பெரிய பொருளும் இல்லை. இறுகிய விரல் அழுத்தும், ஆனால் விடத் தெரியாது. பிடித்ததை விடுவதற்கு எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள்.

ஸ்பிளின்ட் (கையைச் சரியான நிலையில் தாங்கும் வார்ப்பு) செய்யும் தேர்ச்சியும் படிவத்தில் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஓய்வு நிலை ஸ்பிளின்ட் என்றால் பொதுவாக மணிக்கட்டு 20 முதல் 30 டிகிரி மேல்நோக்கி, விரல் அடிமூட்டு லேசான மடக்கு, கட்டைவிரல் உள்ளங்கைக்கு முன்னால் விலகி. தீக்காயக் கை என்றால் கணக்கே வேறு: அடிமூட்டு 70 முதல் 90 வரை மடங்கி, மற்ற விரல்மூட்டுகள் நேராக. காரணம், அடிமூட்டின் பக்கத் தசைநார்கள் மடங்கிய நிலையில்தான் முழு நீளத்தில் இருக்கும். நேராக விட்டால் சுருங்கிவிடும். டிகிரியை மனப்பாடமாகச் சொல்லும் மாணவருக்கும் இந்தக் காரணத்தைச் சொல்லும் மாணவருக்கும் மதிப்பெண் ஒன்றாக வராது.

நீளம் முன்கையில் மூன்றில் இரண்டு பங்கு, அகலம் சுற்றளவில் பாதி. குட்டையாகச் செய்தால் நெம்புகோல் போதாமல் மேல் விளிம்பு தசையில் அழுத்தும். தகட்டை (சூட்டில் இளகும் பிளாஸ்டிக்) இளக்கும் தண்ணீர் பெரும்பாலான வகைகளுக்கு 65 முதல் 70 டிகிரி. பெட்டியில் போட்டிருப்பதைப் பாருங்கள். எடுத்ததும் துண்டில் ஒற்றி, முதலில் உங்கள் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்துவிட்டுத்தான் நோயாளியின் கையில். அவருக்கு உணர்ச்சி இல்லையென்றால் துணி உறை கட்டாயம்.

அடிக்கடி கெடும் இடம், சுண்டுவிரல் பக்க மணிக்கட்டு எலும்பு. சிவந்த பிறகு உள்ளே பஞ்சு ஒட்டுகிறார்கள். இடம் இன்னும் குறைந்து அழுத்தம் கூடுகிறது. வார்ப்பதற்கு முன்னாலேயே அந்த எலும்பின்மேல் பஞ்சை வைத்து, அதன்மேல் தகட்டை வார்த்தெடுங்கள். மணிக்கட்டு ஸ்பிளின்ட் என்றால் முன் விளிம்பு உள்ளங்கையின் மேல்ரேகையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் விரல் முழுதாக மடங்காது. மாட்டி அரை மணி நேரம் கழித்துக் கழற்றிப் பாருங்கள். சிவப்பு 20 நிமிடத்துக்கு மேலும் மறையவில்லை என்றால் திருத்த வேண்டும்.

வீட்டுக்குக் கொடுக்கும்போது: வெயிலில் நிறுத்திய காருக்குள் வைக்கக் கூடாது, வளைந்துவிடும். இந்த ஊர் வியர்வைக்குத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், ஆனால் வெந்நீரில் கூடாது.

வார்டு_நடை

ஒரு மாற்றுக் கருத்து. ஸ்ட்ரோக் நோயாளி என்றாலே ஓய்வு ஸ்பிளின்ட் என்று மாணவர்கள் கை வைப்பதை நிறுத்த வேண்டும். நரம்புப் பாதிப்புள்ளவர்களுக்கு நீட்டிவைக்கும் சிகிச்சையால், ஏழு மாதத்துக்குக் குறைவாகச் செய்தால், மூட்டு அசைவில் பொருட்படுத்தத்தக்க பலன் இல்லை என்று 2017 காக்ரேன் மறுஆய்வு (பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது) சொல்கிறது. ஸ்பிளின்டும் அந்த வகையில் அடங்கும்.

கைப்பட்டி

அதை மறுக்கவில்லை. வழக்கமாக எல்லாருக்கும் போடுவதை நானும் ஏற்கவில்லை. ஆனால் உள்ளங்கையில் நகம் பதிந்து தோல் ஈரமாகும் கை, கழுவவே திறக்க முடியாத கை, இரவில் மணிக்கட்டு மடங்கி வலிக்கும் கை இருக்கின்றன. அங்கே நோக்கம் தோல் சுத்தமும் வலியும். மூட்டுச் சுருக்கத்தைத் தடுப்பது அல்ல. நோக்கத்தை எழுதி, அதையே அளந்தால் பிரச்சினை இல்லை. செராஸ் தங்கச்சி இந்த வாதத்தையே சூப்பர்வைசரிடம் எடுத்துப் போகலாம்: இந்த நோயாளிக்கு ஏன் போடுகிறோம், ஆதாரம் எந்தப் பக்கம், எதைப் பார்த்து நிறுத்துவோம். “ஆதாரத்தைப் பயன்படுத்துகிறார்” என்ற பகுதி அதில் நிரம்பிவிடும்.

செராஸ்_மூன்றாமாண்டு

மிகவும் உதவியாக இருக்கிறது. அடுத்த வாரம் சூப்பர்வைசரோடு வீட்டுப் பார்வை. பிபிஆர் (அரசின் மலிவு வீடு) அடுக்குமாடி. எதை அளக்க வேண்டும்?

ஜெலுத்தோங்_ஓடி

முதல்ல லிஃப்ட். ஓடுதா, கதவு எத்தனை சென்டிமீட்டர், எல்லா மாடியிலயும் நிக்குதா. அப்புறம் வீட்டு வாசல் இரும்பு கிரில்லோட கீழ்ச்சட்டம். அது தரையில இருந்து எழும்பி நிக்கும், சக்கரம் தடுக்கும்.

கதவை அளக்கும்போது சட்டத்துக்குச் சட்டம் அளக்காதீங்க. கதவைத் திறந்து வச்சு, திறந்த கதவுப் பலகைக்கும் எதிர்ச் சட்டத்துக்கும் நடுவுல இருக்கிற இடைவெளிதான் கணக்கு. சாதாரணச் சக்கர நாற்காலி முழு அகலம் 60 முதல் 66 சென்டிமீட்டர், அதுக்கு மேல கை முட்டி இடிக்காம இருக்க இடம் வேணும். குளியலறைக் கதவுதான் பெரும்பாலும் பத்தாது. அங்க உள்ள போறது சக்கர நாற்காலி வேண்டாம், குறுகலான சக்கரக் கொமோட் நாற்காலி போதுமான்னு யோசிங்க.

குளியலறைத் தரை கீழே இறங்கியிருக்கும், எவ்வளவுன்னு அளங்க. ராம்ப் 1-க்கு 12 சரிவுன்னா 15 சென்டிமீட்டர் படிக்கு 180 சென்டிமீட்டர் நீளம் வேணும். பிபிஆர் நடைவழியில அந்த நீளம் கிடைக்காது. அப்போ ராம்ப்னு எழுதினா அது வீட்டைப் பார்க்காம எழுதின சிபாரிசு. குந்துற கழிப்பறைன்னா மேல வைக்கிற நாலுகால் நாற்காலி ஆடுதா, கால்ல ரப்பர் இருக்கா, ஈரத்துல வழுக்குதான்னு உட்காரவச்சே பாருங்க. கைப்பிடிக் கம்பி மாட்டச் சொன்னா சுவர் என்ன சுவர்னு தட்டிப் பாருங்க. பொள்ளல் செங்கல்ல சாதாரண ஸ்க்ரூ பிடுங்கிட்டு வரும். உறிஞ்சி ஒட்டுற கம்பியை முழு எடைக்கும் நம்பச் சொல்லாதீங்க.

ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகள்ல வேற மாதிரி: ஐந்தடி நடைபாதை கடைக்குக் கடை உயரம் மாறும், வாசல்ல மரத்தாலோ கல்லாலோ உயர்ந்த படி, படுக்கை மாடியில, கழிப்பறை பின்கட்டுல. அங்க முதல் கேள்வியே கீழே எந்த இடத்துல கட்டில் போடலாம்ங்கிறதுதான்.

போட்டோ எடுக்க அனுமதி கேளுங்க, முகம், சாமி படம், தபால் முகவரி விழாம எடுங்க.

மேற்பார்வை_மேசை

அந்தப் போட்டோ மாணவர் வாட்சப் குழுவுக்குப் போகக் கூடாது. 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூட்டரசு, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது என்று சிலர் வாதம் செய்வார்கள். சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனாலும் நோயாளியின் ரகசியத்தைக் காப்பது நம் தொழில் ஒழுக்கம், எந்த மருத்துவமனையிலும் அது மாறாது. லாக்புக்கில் பெயர், ஐ.சி. எண், வார்டுப் படுக்கை எண் மூன்றும் வேண்டாம்.

நோயாளியிடம் அறிமுகம் செய்யும்போது “நான் மாணவர், என் சூப்பர்வைசரின் மேற்பார்வையில்” என்று சொல்லுங்கள். சட்டம் 774 (2016 துணை மருத்துவத் தொழில்கள் சட்டம்) வந்தபின் பதிவு பெற்றவர்தான் இந்தத் தொழிலைச் செய்யலாம். படிப்பை முடித்துப் பதிவு செய்யும்வரை நீங்கள் எழுதும் ஒவ்வொரு குறிப்பிலும் சூப்பர்வைசர் கையெழுத்து இருக்கவேண்டும். கையெழுத்து வாங்க மறப்பதை “சின்ன விஷயம்” என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மெந்தாரி_பக்கம்

மனநலப் பிளேஸ்மென்ட் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. குழு நடவடிக்கையில் கத்தரிக்கோல், ஊசி, கத்தி எல்லாவற்றையும் தொடங்குமுன் எண்ணி எழுதுங்கள், முடிந்ததும் யாரும் அறையை விட்டுப் போகுமுன் எண்ணுங்கள். நடவடிக்கை நன்றாகப் போனதா என்பதைவிட இந்த எண்ணிக்கை சரியா என்பதைத்தான் முதலில் கேட்பார்கள். குறிப்பில் “ஒத்துழைத்தார்” என்று எழுதாதீர்கள். எத்தனை நிமிடம் உட்கார்ந்திருந்தார், தானாக யாரிடம் பேசினார், எந்தப் படியில் உதவி கேட்டார் என்று எழுதுங்கள். வேலைக்குத் திரும்பும் ஒருவரைப் பற்றி முதலாளியிடம் பேச வேண்டியிருந்தால் அதற்குத் தனியாக எழுத்து அனுமதி வேண்டும்.

மேற்பார்வை_மேசை

மீதி நான்கு வாரத்துக்கு என் யோசனை. வாரம் ஒரு நோயாளியைத் தேர்ந்தெடுங்கள். முழுக் கேஸ் எழுத வேண்டாம். ஒரே ஒரு முடிவை மட்டும் அரைப் பக்கத்தில் எழுதுங்கள். என்ன தேர்ந்தெடுத்தேன், வேறு எது இருந்தது, அதை ஏன் விட்டேன். விட்ட வழியை எழுதுவதில்தான் ரீசனிங் நன்றாகத் தெரியும். வெள்ளிக்கிழமை சூப்பர்வைசரிடம் கொடுத்து, “நான் எப்படி?” என்று பொதுவாகக் கேட்காமல், “தோள்தான் தடை என்று முடிவு செய்தேன், நீங்கள் ஒத்துக்கொள்கிறீர்களா?” என்று கேளுங்கள். கேள்வி குறிப்பாக இருந்தால் பதிலும் குறிப்பாக வரும். அடுத்த வாரம் அதை வைத்து என்ன மாற்றினீர்கள் என்று காட்டலாம்.

ரிஃப்ளெக்‌ஷனுக்குக் கிப்ஸ் வட்டம் (நடந்தது, உணர்ந்தது, பகுப்பாய்வு என்று படிப்படியாகத் திரும்பிப் பார்த்து எழுதும் முறை) கொடுத்திருப்பார்கள். மாணவர்கள் நடந்ததையும் உணர்ந்ததையும் ஒரு பக்கம் எழுதி, பகுப்பாய்வை இரண்டு வரியில் முடிக்கிறார்கள். திருப்பிப் போடுங்கள். நடந்தது மூன்று வரி போதும். முதலில் தமிழில் யோசித்து எழுதி, பிறகு படிவத்தின் மொழிக்கு மாற்றினாலும் தவறில்லை.

1000 மணி நேரக் களப்பயிற்சி என்பது உலக ஓ.டி. கூட்டமைப்பு கேட்கும் குறைந்தபட்சம். நோயாளி தொடர்பான வேலைக்கான நேரம் அது: மதிப்பிடுவது, திட்டமிடுவது, சிகிச்சை, குறிப்பெழுதுவது. அலமாரி அடுக்கிய நேரத்தை அதில் சேர்க்காதீர்கள்.

செராஸ்_மூன்றாமாண்டு

கடைசியாக ஒன்று. இலக்கு எழுதும்போது “சுயமாக உடை அணிவார், 2 வாரத்தில்” என்று எழுதினால் போதாது என்கிறார்கள். நோயாளி கைலிதான் கட்டுவார்.

ஜெலுத்தோங்_ஓடி

அப்போ கைலியையே எழுதுங்க. கைலியை உட்கார்ந்தபடி தலை வழியா போட்டு இடுப்புக்கு இறக்கலாம், ஆனா மடிச்சுச் சொருக ரெண்டு கை வேணும், நிக்கவும் வேணும். ஒரு கை மட்டும்னா இடுப்புல எலாஸ்டிக் தைச்சுக் கொடுங்க, சொருகுற படியே போயிரும். அப்புறம் இலக்கு இப்படி: “2 வாரத்தில், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, எலாஸ்டிக் தைத்த கைலியைத் தலை வழியாகப் போட்டு, கட்டில் கம்பியை இடது கையால் பிடித்து எழுந்து இடுப்பில் சரிசெய்வார், ஒருவர் பக்கத்தில் நிற்பார், தொடமாட்டார், 5 நிமிடத்துக்குள், தொடர்ந்து மூன்று காலை.”

மூன்று காலைன்னு போடுறது முக்கியம். ஒரு நாள் நல்லா செஞ்சதை வச்சு டிஸ்சார்ஜ் பண்ணினா வீட்டுல விழுந்துருவார். எலாஸ்டிக் தைக்கிறது யாருன்னும் எழுதுங்க, பெயர் வேண்டாம், “மருமகள், வியாழனுக்குள்”னு. இல்லேன்னா அது யார் வேலையும் இல்லாம நின்னுரும்.